மண்பானைக்குள் ஒரு கண்ணாடி விரியன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவது வழக்கம். நானும் அம்மாவும் அப்படித்தான் இறங்கினோம். முதலைகளைப் பற்றி எழுத என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. வாயைப் பிளந்தபடி கிடந்தன, "செத்துப்போச்சாப்பா?" என்று ஒரு பையன் ஒவ்வொரு தொட்டியிலும் கேட்டுக்கொண்டே வந்தான். அதே வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்பில் விஷம் எடுத்துக் காட்டுகிறது. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிய மண்பானைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் பாம்பு என்று தெரிந்ததும் அம்மா பத்தடி பின்னால் போய்விட்டார். காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் அப்பாவை வரப்பில் கண்ணாடி விரியன் கடித்தது. ஊரில் அதற்குப் பிறகு கண்ணில் பட்ட சாரைகூடத் தப்பவில்லை.

விஷம் எடுத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் முனை வளைந்த ஒரு கம்பி, அவ்வளவுதான். ஒரு பானையின் துணியை அவிழ்த்துச் சாய்த்தார். குக்கர் விசில் அடிக்குமுன் சீறுமே, அந்தச் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு கண்ணாடி விரியன். உடம்பெங்கும் சங்கிலி போல வட்டங்கள். கம்பியால் தலையை மெல்ல அழுத்தி, கழுத்தைப் பிடித்துத் தூக்கி, மேலே சவ்வு கட்டிய ஒரு கண்ணாடிக் குவளையின் விளிம்பில் வாயை வைத்தார். பல் சவ்வில் இறங்கியது. உட்புறக் கண்ணாடியில் மஞ்சளாக ஒரு சொட்டு வழிந்தது, பின்னாலேயே இன்னொன்று. இத்தனை பயத்துக்கும் காரணம் அந்தச் சொட்டுதானா என்றிருந்தது.

சின்ன வயதில் தெருவில் பாம்பாட்டி காட்டியதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். பல் பிடுங்கிய பாம்பு என்று சொல்கிறோமே, அந்தப் பாம்புதான் அது. இப்போதோ செல்போனைத் திறந்தால் நாகத்துக்கு முத்தம் கொடுக்கிறார்கள், கழுத்தில் போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். மீட்புப் பணி என்கிறார்கள். பார்க்கிற பையனுக்குத் தானும் பிடித்துப் பார்க்கலாமே என்றுதான் தோன்றும். இங்கே அந்த மனிதர் எங்களைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அவர் கண் பாம்பைவிட்டு நகரவில்லை. தேவைக்கு மேல் ஒரு நொடி அதைத் தொடவும் இல்லை. என்னைக் கேட்டால் பாடம் அந்தக் கையில்தான் இருந்தது. விளக்கம் சொன்னவர் பேச்சில்கூட இல்லை.

பேச்சும் நன்றாகத்தான் இருந்தது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கையும் காட்டினார்கள். கட்டு விரியன் பகலில் சோம்பேறி. சுருளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. ராத்திரிதான் அதன் நேரம். தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாதாம். சுருட்டை விரியன் ஒரு முழம்கூட இல்லை. உடம்பை உடம்போடு உரசி மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது.

ஒரு காலத்தில் இருளர்கள் பிடித்த பாம்புகள் தோலுக்காகப் போயின. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு இந்தச் சங்கம் தொடங்கியது. வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, மறுபடியும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பை உடனே திரும்பப் பிடித்துவிடாதபடி வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம். விஷத்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, விஷமுறிவு மருந்து செய்கிறவர்களுக்கு அனுப்புகிறார்கள். சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தால் மருந்து. 2023-இல் பத்மஸ்ரீ வாங்கிய வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இந்தச் சமூகத்துக்காரர்கள்தான். ஃபுளோரிடாவில் மலைப்பாம்பு பிடித்துக் கொடுக்க 2017-இல் அமெரிக்காவே இவர்களைக் கூப்பிட்டது.

குதிரைக் கதை வந்தபோது திரும்பிப் பார்த்தேன். அம்மா சுவரோரம் வந்து நின்றிருந்தார்.

"ஏங்க, ஆஸ்பத்திரியில எங்க வீட்டுக்காரருக்குப் பத்து பாட்டில் ஏத்துனாங்களே, அது இதுலேர்ந்து வர்றதுதானா?"

"ஆமாம்மா. இந்த விஷம் இருந்தாதான் அந்த மருந்து."

"கடிச்சத அன்னைக்கே அடிச்சுக் கொன்னுட்டாங்க."

விஷம் எடுத்தவர் பதில் சொல்லவில்லை. விரியனைக் கம்பியால் பானைக்குள் தள்ளித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். கட்டிய பிறகு, "எந்த ஊரும்மா நீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னதும், "எலி ஜாஸ்தி அந்தப் பக்கம்" என்றார்.

பொழுது சாய்ந்துதான் பஸ் கிடைத்தது. விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டோம். அம்மா அப்பாவுக்குப் போன் போட்டார். "இன்னைக்கு அந்தப் பூச்சியப் பாத்தோம். உங்களக் கடிச்ச ஜாதிதான்... இல்லீங்க, அடிக்கல. பானையிலதான் வச்சிருக்காங்க. திரும்பக் கொண்டுபோயி விட்டுடுவாங்களாம்." எதிர்முனையில் அப்பா ஏதோ கத்துவது எனக்கே கேட்டது.