மாடி பாத்ரூம் ஷவரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும்

மாடியில் ஷவரைத் திறந்தால் தூறல்தான். தலையில் போட்ட ஷாம்பு போவதற்குள் உடம்பு காய்ந்துவிடும். கீழ்வீட்டில் அதே டேங்க் தண்ணீர் நன்றாகவே கொட்டுகிறது. பிளம்பரைக் கூப்பிடுமுன் நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் ஞாயிறு, வெறும் அளவு. ஷவருக்கு அடியில் 10 லிட்டர் வாளி வைத்தேன். அது நிறைவதற்கு 4 நிமிடம் 10 நொடி ஆனது. அதே பாத்ரூம் குழாயில் ஒன்றரை நிமிடம். குழாய் தாழ்வாக இருப்பதால் வேகம் கூடத்தான் செய்யும். ஆனாலும் இவ்வளவு வித்தியாசமா? ஷவர் ஹெட் மேல் சந்தேகம் விழுந்தது.

கழற்றிப் பார்த்தால் பாதித் துளைகள் வெள்ளையாக அடைத்திருந்தன. போர் தண்ணீர் விட்ட உப்பு. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். (இரவு முழுக்க ஊறவிட்டால் முலாம் கெடலாம்.) கழுத்தில் இருந்த சின்ன வலையில் டெஃப்லான் டேப் துணுக்குகள், பிவிசி சீவல்கள். எல்லாம் எடுத்தபின் 3 நிமிடம் 5 நொடி. முன்னேற்றம்தான், மகிழ்ச்சி இல்லை.

இரண்டாம் ஞாயிறு மொட்டைமாடி. மாடிக்கு வரும் லைனில் பழைய கேட் வால்வு, அதாவது உள்ளே ஒரு தகடு ஏறி இறங்கித் தண்ணீரைத் திறந்து மூடும் வகை. கைப்பிடி சுற்றிக்கொண்டே போனது, தண்ணீரில் மாற்றமே இல்லை. உள்ளே தகடு தண்டிலிருந்து கழன்று, பாதி வழியில் நின்றிருக்கிறது! அதை எடுத்துவிட்டு பால் வால்வு (துளையுள்ள உருண்டை திரும்பித் திறக்கும் வகை) போட பிளம்பரைத்தான் அழைத்தேன். டேங்கைக் காலி செய்யும் வேலை எனக்கு ஒத்துவராது. இப்போது 1 நிமிடம் 50 நொடி.

இதற்கு மேல் கணக்கு இடம் கொடுக்கவில்லை. 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். எங்கள் டேங்கின் அடிக்கும் ஷவருக்கும் இடையே ஐந்தரை அடிதான், அதாவது 0.17 பார். கீழ்வீட்டுக்கு இன்னும் 10 அடி கூடுதல். அதனால்தான் அங்கே கொட்டுகிறது. டேங்கை உயர்த்தலாம் என்றால், 1000 லிட்டர் என்பது ஒரு டன் பாரம். ஸ்டாண்டையும் தளத்தையும் விவரம் தெரிந்தவர் பார்க்காமல் தொடமாட்டேன். பிரஷர் பம்ப் யோசனையை அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: “வாளியும் மக்கும் இருக்கும்போது எதுக்குடா அந்தச் சத்தம்?”

மூன்றாம் ஞாயிறு, அகலமான ஷவரைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்று மாட்டினேன். வாளி நிறையும் நேரம் அதேதான். தண்ணீர் சிதறாமல் தலையில் விழுகிறது. சுடுதண்ணீர் பக்கம் மட்டும் இன்னும் மந்தம். கெய்சருக்குள் போகும் வழியில் உப்பு இருக்கும் என்று நினைக்கிறேன். அது அடுத்த வாரம்.