அறுபது நாற்றுகளா, இருபது தட்டுகளா?

மதிப்பாய்வாளர் அனுப்பிய குறிப்பில் ஒரே ஒரு கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை: "பிழைக்குரிய கட்டின்மைக் கூறுகள் 56 என்று எவ்வாறு வந்தது?" கட்டின்மைக் கூறுகள் என்பவை ஒரு கணக்கின் பின்னால் எத்தனை தனித்தனிச் சான்றுகள் நிற்கின்றன என்பதன் அளவு; பிழை என்பது கரைசலால் விளக்க முடியாத வேறுபாடு. குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் அனோவா அட்டவணையில் அந்த எண்ணை நான் ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. எஃப் மதிப்பு பெரிதாகவும் பி மதிப்பு சிறிதாகவும் இருந்ததை, அதாவது வேறுபாடு தற்செயலாகத் தோன்றவில்லை என்பதைக் கண்ட மகிழ்ச்சியில் கட்டுரையை அனுப்பிவிட்டேன். அதற்கு முன்னும் பின்னும் பட்ட பாட்டை, சோதனை வடிவமைப்பில் இறங்கவிருக்கும் யாருக்கேனும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

சோதனை எளியது. நான்கு ஊட்டக் கரைசல்களில் எது நாற்றின் உலர் எடையைக் கூட்டுகிறது என்பதே கேள்வி. பசுமைக்குடிலில் ஐந்து மேசைகள், மேசைக்கு நான்கு தட்டுகள், தட்டுக்கு மூன்று நாற்றுகள். ஒவ்வொரு மேசையிலும் எந்தத் தட்டுக்கு எந்தக் கரைசல் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தேன். வளர்ப்பதும் உலர்த்துவதும் எடை போடுவதும் ஆறு வாரத்தில் சிக்கலின்றி முடிந்தன. சிக்கல் எல்லாம் கணினி முன் உட்கார்ந்த பிறகே தொடங்கியது.

முதல் சறுக்கல் வெட்கப்பட வேண்டிய வகை. கரைசல்களுக்கு 1, 2, 3, 4 என்று குறியெண் இட்டிருந்தேன். மென்பொருள் அவற்றைக் குழுக்களின் பெயர்களாகக் கொள்ளாமல் அளவுகளாகவே எடுத்துக்கொண்டு, ஒரு நேர்கோட்டைப் பொருத்தி, பி மதிப்பு 0.76 என்றது. என் சராசரிகள் முறையே 6.0, 7.4, 6.4, 6.2 கிராம். இரண்டாவதில் ஏறிப் பின் இறங்கும் இத்தகைய வரிசைக்கு நேர்கோடு எதையும் காட்டாது. கரைசலுக்குரிய கட்டின்மைக் கூறு 1 என்று அட்டவணையிலேயே அச்சாகியிருந்தது. நான்கு குழுக்களுக்கு அது 3 ஆக இருந்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. குறியெண்ணுக்குப் பதிலாக எழுத்தை இடுங்கள், அல்லது தரவின் அந்த நிரல் (நெடுவரிசை) குழுவைக் குறிப்பது என்று மென்பொருளுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த இரண்டு நாள்களை, தரவு மணி வடிவில் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் இயல்நிலைச் சோதனை தின்றது. அறுபது எடைகளையும் ஒன்றாகக் கொட்டி ஷாப்பிரோ–வில்க் சோதனை செய்தேன். இயல்நிலைப் பரவல் இல்லை என்று வந்தது. மடக்கை எடுத்துப் பார்த்தேன், வர்க்கமூலம் எடுத்துப் பார்த்தேன், பலனில்லை. சராசரிகள் வேறுபடும் நான்கு குழுக்களைக் கலந்தால் அந்தக் கலவை இயல்நிலையில் இருக்க வேண்டிய தேவையே இல்லை என்பதும், அனோவா அந்த நிபந்தனையை மூலத் தரவுகளின் மீது வைக்காமல் எச்சங்களின் மீதே (ஒவ்வொரு எடையும் தன் குழுச் சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் மீதே) வைக்கிறது என்பதும் பிறகே உறைத்தன. எச்சங்களை வரைந்து பார்த்தபோது குறை சொல்ல எதுவும் இல்லை.

புள்ளியியல் ஆலோசனை தருபவர் ஒருவரிடம் அட்டவணையைக் காட்டியதும் இந்தக் கட்டத்தில்தான். எஃப் 5.64; கரைசலுக்கு 3, பிழைக்கு 56 என்ற கட்டின்மைக் கூறுகளுக்கு 5 விழுக்காட்டு மட்டத்தில் எஃப் தாண்ட வேண்டிய எல்லை மதிப்பு 2.77. அவர் பி மதிப்பை மட்டும் பார்த்து, "நன்றாக இருக்கிறது, எழுதுங்கள்" என்று தாளைத் திருப்பித் தந்தார். கரைசலை எதன் மீது ஊற்றினீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடச் சந்திப்புக்காக அரை நாள் காத்திருந்தேன் என்பதை இன்றும் மனம் ஆறாமல் நினைத்துக்கொள்கிறேன்.

மதிப்பாய்வாளர் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். கரைசல் ஊற்றப்பட்டது தட்டுக்கு. ஒரே தட்டில் வேர்விட்ட மூன்று நாற்றுகளும் ஒரே ஈரத்தையும் ஒரே வெளிச்சத்தையும் பகிர்ந்துகொண்டு ஒன்றைப்போல் ஒன்று வளர்கின்றன. அவை மூன்று தனித்தனிச் சான்றுகள் ஆகா. ஆகவே சோதனை அலகு தட்டுதான். என்னிடம் இருப்பவை 20 அலகுகளே. நாற்றுகளை அலகாக எண்ணிப் பிழையின் கட்டின்மைக் கூறுகளை 56 ஆக (60 நாற்றுகள் கழித்தல் 4 குழுக்கள்) ஊதிப் பெருக்கியதற்குப் போலி மறுசெய்கை என்று பெயர். சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-இல் வைத்த பெயர் அது. சூழலியல் கள ஆய்வுகள் 176-ஐப் பரிசீலித்த அவர், ஊகப் புள்ளியியலை (எஃப், டி போன்ற சோதனைகளை) பயன்படுத்தியவற்றில் 48 விழுக்காட்டில் இந்தப் பிழையைக் கண்டார். கூட்டம் பெரிது என்பது எனக்குச் சிறிய ஆறுதல்தான்.

தட்டுகளின் சராசரிகளை எடுத்து மீண்டும் கணக்கிட்டேன். கரைசலுக்கான வர்க்கங்களின் கூடுதல் (சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டியது) 5.8, அதைக் கட்டின்மைக் கூறு 3-ஆல் வகுத்த சராசரி வர்க்கம் 1.93, பிழையின் சராசரி வர்க்கம் 0.70, இவ்விரண்டின் விகிதமான எஃப் 2.76. இப்போது 3, 16 கட்டின்மைக் கூறுகளுக்குத் தேவையானது 3.24. போயிற்று. கட்டுரையின் முடிவுரையே போயிற்று.

அன்றிரவு வெகுநேரம் கழித்தே மேசைகள் நினைவுக்கு வந்தன. ஐந்து மேசைகள் என்று நான் பிரித்ததே, கதவருகே குளிர் அதிகம், உள்ளே வெப்பம் அதிகம் என்ற காரணத்தால்தான். அதாவது மேசை ஒரு தொகுதி; அந்த வேறுபாட்டைப் பிழையிலிருந்து கழித்தெடுக்க எனக்கு உரிமை உண்டு. ஆனால் தரவுக் கோப்பில் மேசை எண்ணுக்கு நிரலே இல்லை! கரைசலும் தட்டு எண்ணும் எடையும் மட்டும் இருந்தன. குலுக்கலின்போது எழுதிய தாள் ஈரத்தில் ஊறிக் கிழிந்து, எப்போதோ குப்பைக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு நாள் அலமாரியைப் புரட்டியும் கிடைக்கவில்லை.

காப்பாற்றியவை கைபேசிப் படங்கள். வாரந்தோறும் வளர்ச்சியைப் பதிவு செய்ய எடுத்த படங்களில் மேசை விளிம்பில் ஒட்டிய எண்ணும் தட்டின் சீட்டும் சேர்ந்தே விழுந்திருந்தன. இருபது தட்டுகளையும் இரண்டு வெவ்வேறு வாரப் படங்களில் ஒத்துப் பார்த்து, ஒன்றுகூட இடம் மாறவில்லை என்று உறுதி செய்த பிறகே நிரலை நிரப்பினேன். எடைகளைப் பார்த்து மேசையை ஊகித்துவிடலாமே என்ற சபலம் நடுவில் வந்துபோனது உண்மை. அப்படிச் செய்திருந்தால் அது மோசடி.

தொகுதியைச் சேர்த்ததும் முன்பு பிழையில் இருந்த வர்க்கங்களின் கூடுதலான 11.2-இலிருந்து (0.70 × 16) 6.4 மேசைகளுக்குப் போயிற்று. மீதி 4.8-ஐ 12 கட்டின்மைக் கூறுகளால் வகுத்தால் 0.40. எஃப் 4.83, தேவை 3.49. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டேன். பிழைக்கான கட்டின்மைக் கூறுகள் 16-இலிருந்து 12 ஆகக் குறைந்து, எல்லை மதிப்பும் உயர்ந்தபோதிலும், மேசைகளுக்கிடையே இருந்த வேறுபாடு அந்த இழப்பை ஈடுகட்டிவிட்டது. மேசைகள் ஒன்றுபோலவே இருந்திருந்தால் நட்டம் மட்டுமே மிஞ்சியிருக்கும். சரிபார்ப்புக்காக அறுபது நாற்றுகளையும் வைத்துக்கொண்டு, தட்டுகளுக்கிடையேயான வேறுபாட்டைப் பிழையாகக் கொண்டும் கணக்கிட்டேன்: தட்டுக்கு மூன்று நாற்றுகள் என்பதால் சராசரி வர்க்கங்கள் 1.93, 0.40 இரண்டும் மும்மடங்காகி 5.8, 1.2 ஆயின; 5.8-ஐ 1.2-ஆல் வகுக்க அதே 4.83. ஒவ்வொரு தட்டிலும் நாற்றுகளின் எண்ணிக்கை சமமாக இருந்ததால்தான் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியது. ஓரிரு நாற்றுகள் செத்திருந்தால் இந்த எளிமை கிடைத்திருக்காது.

எஃப் சோதனை சொல்வது சராசரிகள் எல்லாம் சமமல்ல என்பதை மட்டுமே. எது எதிலிருந்து வேறுபடுகிறது என்பதற்கு என் முதல் வரைவில் ஆறு இணைகளுக்கும் தனித்தனி டி சோதனை செய்திருந்தேன். அப்படிச் செய்தால், உண்மையில் வேறுபாடே இல்லாதபோது ஓரிடத்திலாவது பொய்யாக வேறுபாடு காணும் வாய்ப்பு 5 விழுக்காட்டைப்போல மும்மடங்குக்கும் மேலாகிவிடும். மாறாக, எல்லா இணைகளையும் ஒருசேர ஒப்பிடும் டூக்கியின் முறையில், நான்கு குழுக்களுக்கும் 12 கட்டின்மைக் கூறுகளுக்கும் உரிய 4.20 என்ற அட்டவணை மதிப்பை வைத்துக் கணக்கிட, குறைந்தது 1.19 கிராம் இடைவெளி தேவைப்பட்டது. இரண்டாம் கரைசல் முதலாவதை 1.4 கிராமால் தெளிவாக வென்றது. நான்காவதை 1.2 கிராமால், மயிரிழையில் வென்றது. மூன்றாவதுடன் இடைவெளி 1.0 மட்டுமே.

ஆகவே "இரண்டாம் கரைசலே சிறந்தது" என்ற தலைப்பை நீக்க வேண்டியதாயிற்று. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே வேறுபாடு உண்டென்று இத்தரவுகளைக் கொண்டு சொல்ல இயலாது என எழுதிச் சேர்த்தேன். அட்டவணையில் 56 இருந்த இடத்தில் 12 வந்தது. கட்டுரை ஏற்கப்பட்டது. அடுத்த சோதனைக்கு இன்னும் விதைகூட வாங்கவில்லை. தட்டு எண், மேசை எண், கட்டின்மைக் கூறுகள் என மூன்றும் அடங்கிய வெற்று அட்டவணை மட்டும் கோப்பில் தயாராக இருக்கிறது.