காந்தத்தில் ஒட்டாத கண்ணாடி

உலையிலிருந்து எடுத்த தூள் செங்கல் நிறத்தில் இருந்தது. பழைய ஸ்பீக்கரில் கழற்றி வைத்திருந்த காந்தத்தை அருகில் கொண்டுபோனேன். ஒட்டவே இல்லை. இரண்டு மாத வேலை.

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகம் அது. எலும்போடு ஒட்டிப் பிடிக்கும் கண்ணாடியில் இரும்பைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடியை 1969-ல் ஃபுளோரிடாவில் லாரி ஹென்ச் உருவாக்கினார். எடையில் 45 சதவீதம் சிலிக்கா. மீதி சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆக்சைடுகள். உடம்புக்குள் அது மெல்லக் கரையும். மேலே எலும்பின் தாதுவைப் போலவே அபடைட் படலம் படியும். அந்தக் கண்ணாடிக்குள் மேக்னடைட் என்ற, காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடின் படிகங்களை வளர்த்துவிட்டால், எலும்புப் புற்றை வெட்டியெடுத்த பள்ளத்தில் வைத்து, வெளியிலிருந்து மாறுதிசைக் காந்தப்புலத்தால் சூடேற்றலாம். 43 டிகிரி வாக்கில் மிச்சமிருக்கும் புற்று செல்கள் தாங்காது. பிறகு அதே கண்ணாடி எலும்போடு சேர்ந்துகொள்ளும். என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது இந்த நம்பிக்கைதான்.

அப்பா பாம்பனில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். அன்றிரவு தூளைக் காட்டினேன். "காத்து பட்டிருக்கும்பா. கிரீஸ் தடவாம வெச்சா எந்த இரும்பு நிக்கும்?" என்றார். உலையில் நடந்தது உப்புக்காற்றுத் துரு இல்லைதான். ஆனாலும் குற்றவாளி காற்றேதான். சூட்டில் ஆக்சிஜன் பட்டு, மேக்னடைட்டாக வேண்டிய இரும்பு ஹெமடைட்டாகிவிட்டது. அது சிவப்பு, காந்தத்துக்கு அசையாது. அடுத்த முறை நைட்ரஜனை ஓடவிட்டுச் சூடேற்றினேன். கறுப்புத் தூள் காகிதத்துக்கு அடியிலிருந்த காந்தத்தோடு கூடவே ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் மதியம் சாப்பிடவே மறந்துபோனேன்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். அபடைட் படலம் படிகிறதா என்று, ரத்தத்தின் உப்புகளைப் போலக் கலந்த கரைசலில் 36.5 டிகிரியில் ஊறவைத்துப் பார்க்க வேண்டும். கடல்நீர் வாசலிலேயே இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்பார்கள். அதில் சோடியம் மட்டுமே ரத்தத்தைவிட மூன்று மடங்குக்கு மேல், உதவாது. சரி, ஊறவைத்தோம். இரும்பில்லாத கண்ணாடியில் சில நாளில் வெள்ளைப் படலம் வந்தது. இரும்பு கலந்ததில் ஒன்றுமில்லை. இரும்பு கண்ணாடிக் கட்டமைப்பை இறுக்கிவிடுகிறது. கால்சியம் எளிதில் வெளிவராது. இரும்பைக் குறைத்தாலோ சூடு போதாது.

நோயாளிக்கு இரண்டும் வேண்டும். அதனால் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஐந்து கலவைகள் செய்தோம். மூன்றாவதில், பதினான்காம் நாள் காலை, கறுப்பின் மேல் சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய வெண்மை. காந்தத்தைக் கொண்டுபோனேன். ஒட்டியது.