ஒரிஜினல் லைசென்ஸ் இல்லாமல், மகளோடு ரியோஹாவில் எட்டு நாள்

ஸ்பெயினின் பில்பாவோ விமான நிலையத்தில் கார் வாடகை கவுண்டர் முன்னால் நின்ற இருபது நிமிடத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் கையில் இருக்கிறது. போனில் டிஜிலாக்கர் லைசென்ஸ் இருக்கிறது. ஒரிஜினல் கார்டு மட்டும் கம்பத்தில், வீட்டு பீரோவில். அந்தப் புத்தகம் லைசென்ஸின் மொழிபெயர்ப்புதான், ஒரிஜினல் இல்லாமல் செல்லாது என்று கவுண்டரில் இருந்த பெண் சொல்லிவிட்டார். போனை நீட்டினேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சரி, மகள் பணம் கட்டட்டும் என்றால் ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டுமாம். என்னிடம் இருந்தது டெபிட் கார்டு. லைசென்ஸ் இருந்திருந்தாலும் அன்று சாவி கிடைத்திருக்காது. முன்பே கட்டிய பணமும் திரும்பவில்லை. காரை நம்பிப் போகிறவர்கள் இந்த இரண்டையும் ஊரிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் நான் பன்னீர் திராட்சை போடுகிறேன். மகள் ஜெர்மனியின் மியூனிக்கில் வேலை பார்க்கிறாள், வயது 27. "நீங்க முப்பது வருஷமா திராட்சை போடுறீங்க, ஒயின் பண்ற ஊரை ஒரு தடவையாவது பார்க்கணும்ப்பா" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவுக்கு நீண்ட பயணம் ஒத்துக்கொள்ளாது. அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும். செப்டம்பர் அறுவடைக் காலம் என்பதால் அந்த மாதத்தை நான்தான் கேட்டேன்.

முதல் அடி சென்னையிலேயே விழுந்தது. மியூனிக்கில் மகளோடு 9 இரவு, ஸ்பெயினில் 6 இரவு என்று திட்டம். நாங்கள் பார்க்கப் போவது ஸ்பெயினைத்தானே என்று ஸ்பெயின் விசாவுக்கு நேரம் வாங்கி, ராத்திரி பஸ் ஏறி சென்னை போனேன். பயணத் திட்டத்தைப் பார்த்ததும் தாளைத் திருப்பி நீட்டினார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழைகிற நாடு. விதி சரிதான். ஆனால் அதைச் சொன்ன கையோடு, "சம்பள ஸ்லிப்பும் இல்லை, வருமான வரிக் கணக்கும் இல்லை, எதை வைத்துப் போகிறீர்கள்?" என்று கவுண்டரில் இருந்தவர் கேட்ட தொனிதான் மனதில் நிற்கிறது. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. கம்பத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

மகள் போனில், "என் தப்புதாம்ப்பா" என்று அழுதாள். அன்றைக்கே உட்கார்ந்து ஸ்பெயினுக்கு 8 இரவு, மியூனிக்குக்கு 5 என்று மாற்றினோம். மூன்று வாரம் கழித்துதான் அடுத்த நேரம் கிடைத்தது. இந்த முறை சிட்டா, அடங்கல், தாசில்தார் கொடுத்த வருமானச் சான்று எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஆறு மாத வங்கிக் கணக்கில் திராட்சை வியாபாரி அனுப்பிய தொகை ஒவ்வொன்றின் மேலும் பென்சில் குறி. விவசாயிக்குச் சம்பள ஸ்லிப் ஏன் இல்லை என்று ஒரு பக்கக் கடிதம். விவசாயிகள் யாராவது விண்ணப்பித்தால் அந்தக் கடிதத்தைக் கட்டாயம் வையுங்கள். என்னிடம் அதன் பிறகு யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விசா வந்தது.

சரி, கார் இல்லை. பில்பாவோவிலிருந்து பஸ் பிடித்து சுமார் இரண்டு மணி நேரத்தில், ஒயினுக்குப் பேர்போன ரியோஹா வட்டாரத்தின் தலைநகரான லோக்ரோன்யோ போய்ச் சேர்ந்தோம். அங்கே இன்னொன்று காத்திருந்தது. செப்டம்பர் 21-ஐ ஒட்டிய வாரம் அந்த ஊரில் சான் மத்தேயோ திருவிழா, அறுவடைத் திருவிழாவும் அதுதான். எங்கள் தேதியைக் குறிக்கும்போது இது எங்களுக்குத் தெரியாது. அறை வாடகை ஏன் அவ்வளவு என்பது அப்போதுதான் புரிந்தது. 21-ஆம் தேதி எஸ்போலோன் என்ற பூங்காத் திடலில் புதுத் திராட்சையைக் காலால் மிதித்து, முதல் சாற்றை வால்வனேரா மாதாவுக்குப் படைக்கிறார்கள். கூட்டத்தில் நின்று எட்டிப் பார்க்கலாம் என்றுதான் ஆசை. எங்களுக்கோ அதே நாள் காலை பத்தரைக்கு ஆரோ என்ற ஊரில் ஒரு போதேகாவில் முன்பதிவு. போதேகா என்பது அங்கே ஒயின் தயாரித்து முதிர வைக்கிற இடம். நினைத்த நேரத்துக்கு உள்ளே போய்ப் பார்க்க முடியாது, பெரும்பாலும் முன்பதிவு வேண்டும்.

திருவிழா நாள் என்பதால் நாங்கள் குறித்து வைத்திருந்த பஸ் அன்று ஓடவில்லை. அடுத்ததைப் பிடித்துப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று பத்து. உள்ளே குழு போய்விட்டது, இனி சேர்க்க முடியாது, பணமும் கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்து 50 யூரோ. நான் கேட்டில் நின்றே கெஞ்சினேன். மகள்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

நல்லவேளையாக ஆரோவின் பழைய போதேகாக்கள் பல ரயில் நிலையத்தைச் சுற்றி ஒரே பேட்டையில் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் பைலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி தோட்டங்களை அழித்தபோது அங்கிருந்த வியாபாரிகள் ஒயின் தேடி இங்கே வந்தார்கள். சரக்கை ரயிலில் ஏற்றத் தோதாக ஸ்டேஷன் பக்கத்திலேயே கட்டிக்கொண்டார்கள். அதனால் மகள் ஒவ்வொரு வாசலாக நடந்தே கேட்க முடிந்தது. நான்காவது இடத்தில், மாலை நான்கு மணிக்கு ஸ்பானிஷ் மொழிக் குழுவில் இரண்டு இடம் இருப்பதாகச் சொன்னார்கள். மொழி தெரியாதே என்று மகள் தயங்கினாள். "வாங்கு பாப்பா, கொடியும் பீப்பாயும் எனக்குத் தெரியாதா" என்றேன்.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து. 225 லிட்டர் பீப்பாய்கள் இருட்டில் வரிசையாக அடுக்கியிருந்தன. வழிகாட்டிய பெண் எங்களுக்காக விரலைக் காட்டினார்: இரண்டு வருடம் முதிர்ந்தால் கிரியான்சா, மூன்று என்றால் ரெசர்வா, ஐந்து என்றால் கிரான் ரெசர்வா. வாசலில் டிராக்டர்கள் டிரெய்லர் நிறையத் திராட்சையோடு காத்து நின்றன. டெம்பிரானியோ ரகம், சின்னப் பழம், கெட்டித் தோல், உள்ளே விதை. ஹெக்டேருக்குச் சிவப்புத் திராட்சை 6,500 கிலோவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது என மகள் போனில் பார்த்துச் சொன்னாள். என் தோட்டத்தில் ஒரே அறுவடையில், ஒரே ஏக்கரில், அந்த அளவை நெருங்கியிருக்கிறேன். இவர்களுக்கு வருடத்துக்கு ஒரே அறுவடை. எங்களைப் போல இரண்டு வருடத்தில் ஐந்து எடுக்கிற பேச்சே இல்லை.

கடைசியில் கிளாஸ் வந்தது. எங்கள் வீட்டுக்குள் இதுவரை பாட்டில் வந்ததில்லை. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குடித்தேன். நாக்கில் துவர்ப்பு, அப்புறம் மரவாசனை. "எப்படிப்பா இருக்கு?" என்றாள். பழத்தின் இனிப்பு எங்கே போச்சு என்று கேட்டேன். புளிக்கும்போது சர்க்கரை எல்லாம் சாராயமாக மாறிவிடும் என்று அவள் விளக்கினாள். எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அவள் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

மற்ற நாட்கள் சிக்கல் இல்லாமல் போயின. பிரியோனெஸில் விவான்கோ ஒயின் அருங்காட்சியகத் தோட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட திராட்சை ரகங்களைப் பார்த்தேன். போகிற வழியில், பந்தல் இல்லாமல் முழங்கால் உயரத்தில் குத்துச்செடியாகக் கவாத்து செய்த பழைய கொடிகளின் பக்கத்தில் டாக்ஸியை நிறுத்தச் சொல்லிக் கால் மணி நேரம் நின்றேன். திரும்பி வருவதற்கும் டாக்ஸியை அப்போதே பேசி வைத்துவிடுங்கள், கிராமத்தில் தேடினால் கிடைக்காது. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஹோட்டல் அடுப்பு ராத்திரி எட்டரை, ஒன்பதுக்குத்தான் எரிகிறது. நான் பையில் ரொட்டியும் பழமும் வைத்துக்கொண்டேன். ஏழரைக்கே பசித்தால் காயே லௌரெல் தெருவில் சின்னத் தட்டுகளில் ஏதாவது கிடைக்கும், காளான் நன்றாக இருந்தது.

லாகுவார்தியா என்ற மதில் சூழ்ந்த ஊரைப் பார்க்க முடியாதது மட்டும் குறை. ஊருக்கு அடியிலெல்லாம் நிலவறை குடைந்திருப்பதால் மதில் சுவருக்குள் வண்டி விடமாட்டார்களாம். எங்களுக்குத் தோதான நேரத்தில் பஸ் இல்லை, கார் இருந்திருந்தால் அரை மணி நேரப் பாதை.

இந்தியாவுக்குள் வரியில்லாமல் 2 லிட்டர்தான் கொண்டுவரலாம். முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கி, வேட்டியில் சுற்றி, பெரிய பெட்டியில் வைத்தேன். உடையாமல் கம்பம் வந்து சேர்ந்தன. லைசென்ஸ் இருந்த அதே பீரோவில் இருக்கின்றன. பொங்கலுக்கு மகள் வரும்போது திறக்கலாம் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள்.