ஒன்பது மீட்டர் படகுக்கு ஒரு மென்பொருள்

கடந்த ஏப்ரலில், வணிகக் கப்பல்களில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்று நாகர்கோவிலில் குடியேறியிருக்கும் ஒருவர், தமக்கென 9 மீட்டர் நீளத்தில் ஒரு பாய்மர யாட் வரைந்து தர வேண்டும் என்று கேட்டார். மரைன் பிளைவுட்டில் கட்டி வெளிப்புறம் கண்ணாடி இழை போர்த்துவது என்றும், குளச்சலில் படகு கட்டும் என் மாமாவிடமே வேலையைக் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. குமரி மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு தவணையாக வரும். கிழக்குக் கடற்கரைக் கணக்கில் சேரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கணக்கில் சேரும் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகளைப் பழுதுபார்க்கும் காலமும் அதுவே என்பதால், ஆகஸ்டுக்கு முன் மாமாவுக்குக் கை ஒழியாது. அந்த மூன்றரை மாதத்தில் நான் படகை வரைந்து முடிக்க வேண்டும். அதற்கு முன் எதில் வரைவது என்று தீர்மானிக்க வேண்டும்.

முன்பு வேலை பார்த்த படகு கட்டும் தளத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. நிறுவனம் வாங்கி வைத்திருந்த மென்பொருளின் முன் உட்கார்ந்தோம், வரைந்தோம். சொந்தப் பணத்தில் வாங்கும்போதுதான், ஒரு மென்பொருளின் எந்தப் பகுதி நமக்கு உண்மையில் தேவை என்று யோசிக்கத் தோன்றுகிறது.

விளம்பரப் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கணக்கை ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தேன். 10 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் உள்ள ஒரு பெட்டி, கடல்நீரில் அரை மீட்டர் அமிழ்ந்து மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமிழ்ந்த கன அளவு 10 கன மீட்டர்; கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.025 டன் என்பதால் எடை 10.25 டன், மிதப்பு மையம், அதாவது அமிழ்ந்த கன அளவின் மையம், அடியிலிருந்து 0.25 மீட்டரிலும், மெட்டாசென்டர் 0.917 மீட்டரிலும் இருக்கும். லேசாகச் சாயும் படகு எந்தப் புள்ளியில் தொங்குவது போல ஆடுகிறதோ அதுதான் மெட்டாசென்டர்; எடை மையம் அதற்குக் கீழே இருந்தால்தான் படகு நிமிரும். காகிதத்தில் ஐந்து நிமிடத்தில் முடியும் கணக்கு. முதலில் சோதித்த மென்பொருள் 10.00 டன் என்று காட்டியதும் அதன் மேல் குற்றம் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு. பிறகு பார்த்தால், அடர்த்திக் கட்டத்தில் நன்னீருக்குரிய 1.000 என்பதை மாற்றாமல் விட்டிருந்தவன் நான்தான். இரண்டரை சதவீதம்தானே என்று தோன்றலாம். நான் வரையும் படகின் எடை 3,200 கிலோ. அதில் இரண்டரை சதவீதம் 80 கிலோ, ஓர் ஆளின் எடை.

கப்பலும் படகும் வரைவதற்கான மேக்ஸ்சர்ஃப் என்ற மென்பொருள் எனக்குப் பழக்கமானது. 1980களில் ஆஸ்திரேலியாவில் பிறந்து, 2011இல் பென்ட்லி நிறுவனத்தின் கைக்குச் சென்ற அதன் நிலைத்தன்மைக் கணக்கீடுகள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சிறு படகுகள் வரையும் தனியாளுக்கு அதன் செலவு கட்டுபடியாகாது. டெல்ஃப்ட்ஷிப்பின் இலவசப் பதிப்பு அதற்கு நேர்மாறு. திறந்த மூலமாக வெளிவந்த ஃப்ரீஷிப்பின் வழியில் வந்த அதில், திரையில் தெரியும் ஒரு வலையின் முடிச்சுகளை இழுத்து இழுத்தே படகின் உடல் வடிவத்தைக் கொண்டுவந்துவிடலாம். கணினியில் ஒருபோதும் படகு வரைந்திராதவர்கூட ஒரு மாலைப்பொழுதில் மிதக்கும் வடிவம் ஒன்றை உருவாக்கி, அதன் எடையையும் மெட்டாசென்டரையும் பார்த்துவிட முடியும். என் முதல் ஆறு வரைவுகளையும் அதில்தான் செய்தேன். அவற்றில் ஐந்தைத் தூக்கி எறிந்தேன், அதுவும் இலவசம் என்பதால் மனம் வலிக்காமல்.

ரைனோ படகுக்கு மட்டுமேயான மென்பொருள் அன்று. நகை செய்பவர்களும் கட்டட வரைஞர்களும் பயன்படுத்துவது. ஆனாலும் சிறு படகு வரைபவர்கள் பலர் அதற்கே வந்து சேர்வதற்குக் காரணம் உண்டு. உரிமத்தை ஒருமுறை வாங்கினால் போதும். 90 நாள் முழு வசதியுடன் சோதித்தும் பார்க்கலாம். அமிழ்ந்த கன அளவையும் மிதப்பு மையத்தையும் தரும் கட்டளை அதற்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு சாய்வுக்கும் படகை நிமிர்த்தும் திருப்புவிசையைக் கணக்கிட வேண்டுமானால் ஆர்கா3டி போன்ற துணை மென்பொருளைத் தனியே வாங்கிச் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் என் மேசைக் கணக்கு. தேர்வை உண்மையில் தீர்த்து வைத்தது மாமாவின் ஒரு கேள்வி. படகின் முன்பக்கமான அணியத்தின் அடிப்பகுதி அழகாகக் குழைந்து வளையும் ஆறாவது வரைவை மடிக்கணினியில் காட்டியபோது, சின்னமுட்டத்திலிருந்து வேலை முடித்து வந்திருந்த அவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, “படம் நல்லாத்தான் இருக்கு மக்கா, பலக அப்படி வளையுமா?” என்றார்.

வளையாது. கடலை மடித்துத் தரும் பொட்டலத்தைப் பாருங்கள்: தாள் கூம்பாகச் சுருளும், எங்கும் கசங்காது. அதே தாளை ஒரு பந்தின் மேல் ஒட்டிப் பாருங்கள், மடிப்பு விழாமல் முடியாது. பிளைவுட்டும் அந்தத் தாளைப் போன்றதுதான். ஒரு திசையில் வளையும், ஒரே இடத்தில் இரண்டு திசையில் வளையாது. வலையின் முடிச்சை இழுப்பது கைக்கு எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதாக அது நம்மை இந்தத் தவறுக்குள் கொண்டுபோய் விடுகிறது. ரைனோவில் இரண்டு விளிம்புக் கோடுகளைக் கொடுத்து, அவற்றுக்கிடையே தட்டையாக விரிக்கக்கூடிய பரப்பை மட்டுமே உருவாக்கச் சொல்ல முடியும். அந்தக் கோடுகளுக்கு நடுவே அப்படிப்பட்ட பரப்பு அமையாவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். பிறகு அந்தப் பரப்பைத் தாளைப் போல விரித்து, கணினி சொல்படி பலகை வெட்டும் சி.என்.சி. எந்திரத்துக்கு டி.எக்ஸ்.எஃப். என்ற வரைபடக் கோப்பாக அனுப்பலாம். ரைனோவை வாங்கினேன்.

கோட்டின் சீர்மையைப் பார்க்க மாமா ஒரு நீளமான ரீப்பரைச் சட்டங்களின் மேல் வளைத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையிலிருந்து பார்ப்பார். வளைவின் அளவைச் சீப்புப் பற்களைப் போல நிறுத்திக் காட்டும் ரைனோவின் வரைபடம் செய்வதும் அதே வேலைதான். பற்களின் நுனி ஒரே ஒழுங்காக ஏறி இறங்கினால் கோடு நன்று. நான் கற்றுக்கொண்ட ஒன்று, கோட்டை வளைக்கப் பயன்படும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு சீராகக் கோடு அமையும் என்பது. பதினான்கு புள்ளிகளில் வரைந்து நாள்கணக்கில் சரிசெய்த விளிம்பை, ஆறு புள்ளிகளில் மறுபடி வரைந்தபோது ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

நிலைத்தன்மைக்கு மட்டும் வேறு வழி தேடினேன். அடியில் எடைக்கட்டை உள்ள பாய்மரப் படகு பெருஞ்சாய்விலிருந்து தானாக நிமிர வேண்டும். அதில் ஊகத்துக்கு இடமில்லை. மேக்ஸ்சர்ஃப் உரிமம் வைத்துக் கொச்சியில் தனியாக வரைவு அலுவலகம் நடத்தும் நண்பருக்கு, கட்டணம் பேசி, கோப்பை அனுப்பினேன். உடலுக்கும் எடைக்கட்டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டிருந்ததால், முதல் முறை அவருக்கு வந்த கன அளவும் எனக்கு வந்ததும் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் முறை ஒத்துப்போயின. பதினொரு குறுக்குவெட்டுகளை எடுத்து, அவற்றின் பரப்புகளிலிருந்து கன அளவைக் கண்டறியும் சிம்ப்சன் விதியில் 1, 4, 2, 4 என்று பெருக்கிக் கையாலும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், 3,200 கிலோவுக்குரிய 3.12 கன மீட்டருக்கு மிக அருகில் நின்றது.

எந்த மென்பொருளை வாங்கினாலும் வராத ஒன்று எடைப் பட்டியல். படகின் உடல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் மென்பொருள் சொல்லும். எஞ்சின், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, நங்கூரச் சங்கிலி ஆகியவை எவ்வளவு எடை, எங்கே இருக்கும் என்பதை நாமே சேகரித்து உள்ளிட வேண்டும். இந்தப் படகு நீர்மட்டத்தில் அடைத்துக்கொள்ளும் பரப்பு சுமார் 13 சதுர மீட்டர். அதாவது கூடுதலாக ஏறும் ஒவ்வொரு 133 கிலோவுக்கும் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழும். பழைய தளத்தில் நாங்கள் வரைந்த படகு ஒன்று, வண்ணம் பூசிய நீர்மட்டக் கோட்டுக்கு மேல் நான்கு விரற்கடை அமிழ்ந்து நின்றது. மென்பொருள் பிழை என்று ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம், கடைசியில் பட்டியலில் இரண்டு தொட்டிகளைக் காணோம். இப்போது அந்தப் பட்டியலைத் தனி விரிதாளில் வைத்திருக்கிறேன். கேப்டன் வாரம் ஒரு பொருள் சேர்க்கிறார். குளிர்பதனப் பெட்டி கடைசியாக வந்தது.

விரித்த பலகைகளைப் பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் வெட்டி, தையல் நூலால் கட்டி, மாமாவின் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்தோம். விளிம்புகள் சேர்ந்தன. அவர் இரண்டு பக்கமும் கையால் தடவிப் பார்த்துவிட்டு, அணியத்து நுனியில் மட்டும் பலகையை இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விடச் சொன்னார். கோப்பில் அதையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.