புடவையும் தார் ஷெனாயும்

கும்பகோணத்துக்கும் குடவாசலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் அம்மாவுக்கு ஆள் வந்துவிடும். அம்மா ஒப்பாரி சொல்லத் தொடங்கினால், தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் அவர் விட்ட இடத்திலிருந்து இழுத்துச் செல்வார்கள். மனப்பாடமாக வைத்திருந்த அடிகளைவிட, அந்த இடத்திலேயே அவர் கட்டிச் சொல்வதுதான் அதிகம். இறந்தவர் எந்த வரப்பில் நடந்து போவார், யாருக்கு விதைநெல் கொடுத்தார், கடைசியாக எந்த மாட்டை வாஞ்சையோடு தடவிக் கொடுத்தார் என்பதெல்லாம் அவர் பாட்டில் வந்து சேரும். வாசலில் நின்று கணக்குப் பேசிக்கொண்டிருக்கும் ஆண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் சிறுவனாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

1985ஆம் ஆண்டு ஐப்பசியில் என் அக்கா இறந்துபோனாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. பள்ளிக்கூடத்திலிருந்து மழையில் நனைந்து வந்தவளுக்கு அன்று இரவே காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள். நான்காம் நாள் விடியற்காலையில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து, அம்மா முதல் அடியை எடுப்பார் என்று காத்திருந்தார்கள். அம்மா திண்ணைத் தூணில் சாய்ந்து, கொல்லைப் பக்கம் பார்த்தபடி இருந்தார். "அழுதுடு தாயி, உள்ளேயே வச்சுக்காதே" என்று பெரியம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. குரல் வரவில்லை. வேறு யாரோதான் ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தையற்கடைப் பையன் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். அக்காவுக்குத் தீபாவளிக்காகத் தைக்கக் கொடுத்திருந்த கத்தரிப்பூ நிறப் பாவாடையும் சட்டையும் அதில் இருந்தன. அவனுக்கு விஷயம் தெரியாது. அம்மா பொட்டலத்தை வாங்கி, சுருக்குப்பையிலிருந்து தையற்கூலியை எண்ணிக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டு, பிரித்துக்கூடப் பார்க்காமல் தகரப் பெட்டியின் அடியில் வைத்து மூடினார். அதற்குப் பிறகு அவர் எந்தச் சாவு வீட்டிலும் ஒப்பாரி சொல்லவில்லை. போவார், ஓரமாக உட்கார்ந்திருப்பார், தலை முழுகிவிட்டு வந்துவிடுவார். நாளடைவில் ஊரும் அவரை அழைப்பதை விட்டுவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் நான் எழுத நினைத்த படத்துக்கு வர முடிகிறது. 1992 ஏப்ரலில் வங்காளத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ரே மறைந்தார். அந்த ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தூர்தர்ஷனில் அவருடைய 'பதேர் பாஞ்சாலி'யைப் பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எனக்குப் பதினைந்து வயது. அடியில் ஓடிய ஆங்கில எழுத்துகளில் பாதி எனக்குப் புரியவில்லை. வங்காள மொழியோ அங்கிருந்த யாருக்கும் தெரியாது. தமிழ்ப் படம் இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. அம்மா படம் பார்க்க வந்தவர் அல்லர். கல் பொறுக்க வேண்டிய அரிசியை முறத்தில் எடுத்துக்கொண்டு, பேச்சுத் துணைக்காக நிலைப்படி ஓரம் வந்து உட்கார்ந்தவர், பாதிப் படத்துக்குள் தம்மை அறியாமலேயே நுழைந்துவிட்டார்.

பொக்கை வாயோடு ஊர்க்கதை பேசும் இந்திர் தாக்ருண் கிழவியைப் பார்த்து அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நாணல் பூத்த வெளியில் அக்காவும் தம்பியும் ரயிலைத் தேடி ஓடியபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல் மழை இறங்கி, துர்கா கூந்தலை அவிழ்த்துவிட்டு நனைந்து சுழன்று, பிறகு மரத்தடியில் தம்பியைச் சேலைக்குள் அணைத்துக்கொண்டு நடுங்கியபோது, அரிசியைத் தள்ளிக்கொண்டிருந்த அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. அதன் பிறகு முறம் அசையவே இல்லை. புயல் இரவில் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டு, ஈரத்துணியை மகள் நெற்றியில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் படும் பாட்டைப் பார்க்கும்போது அம்மாவை எழுப்பி வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாமா என்று நினைத்தேன். எழுப்பத் தைரியம் வரவில்லை.

வேலை தேடிப் போயிருந்த தகப்பன் ஹரிஹர், மகள் துர்கா இறந்தது தெரியாமல் ஊர் திரும்புகிறார். புயலில் பாதி இடிந்து கிடக்கும் வீட்டைப் பார்த்துப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். மனைவி சர்வஜயா வாய் திறக்காமல் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவர் கொண்டுவந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்: சப்பாத்திப் பலகையும் குழவியும், சட்டமிட்ட லட்சுமி படம், பிறகு துர்காவுக்கென்று வாங்கிய ஒரு புடவை. புடவையைக் கையில் வாங்கியதும் சர்வஜயா உடைகிறாள். துணியை வாயோடு சேர்த்துக் கடித்துக்கொண்டு, கதறியபடி தரையில் விழுகிறாள். வாய் திறந்திருக்கிறது, முகம் கோணியிருக்கிறது, ஆனால் அவள் கதறல் நம் காதில் விழுவதில்லை. அந்த இடத்தில் ஒரு வாத்தியம் உச்சத்தில் கூவுகிறது.

அந்த நொடியில் நான் திரையைப் பார்க்காமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். முந்தானையைச் சுருட்டித் தம் வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். எப்போதிருந்து அப்படி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. தகப்பன் பைக்குள் கையை விட்டபோதே அதிலிருந்து என்ன வெளிவரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணீர் கன்னத்தில் இறங்கி முறத்து அரிசியில் சொட்டியது. ஒரு சத்தமும் இல்லை. படம் முடிந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று விளக்கு வைத்த பிறகு, உலை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அவளுக்கும் சத்தம் வரலை, பாத்தியா."

'அவளுக்கும்' என்பதில் வந்த 'உம்' என்ற அந்த இரண்டெழுத்துக்காகவே இதை இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதுகிறேன். ஒரு திரைப்படம் தன்னிடம் நேராக வந்து பேசியதாக என் அம்மா உணர்ந்த ஒரே தருணம் அது.

அந்த வாத்தியத்தின் பெயர் தார் ஷெனாய் என்பதைக் கல்லூரிக் காலத்தில்தான் தெரிந்துகொண்டேன். பெயரில் ஷெனாய் இருந்தாலும் அது ஊதுகிற வாத்தியம் அன்று. வில்லால் இழைக்கும் எஸ்ராஜ் என்ற தந்தி வாத்தியத்தில், பழைய கிராமபோனில் இருப்பது போன்ற உலோகக் குழல் ஒன்றைப் பொருத்தி ஒலியைக் கூர்மையாக்கியிருப்பார்கள். அதனால் அதன் நாதம் தந்திக்கும் குழலுக்கும் நடுவில், மூக்கடைத்த மனிதக் குரல் போல் ஒலிக்கும். தக்ஷிணாமோகன் தாகூர் வாசித்த அந்தச் சிறு பகுதி பட்தீப் என்ற இந்துஸ்தானி ராகத்தில் அமைந்தது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள் கௌரிமனோகரியின் சுரங்களை அதில் அடையாளம் காணலாம். பட்தீப் பிற்பகலுக்குரிய ராகம். சோகத்துக்கு என்றே முத்திரை குத்தப்பட்டதும் அன்று. படத்தின் இசையில் பெரும்பகுதியை ரவிசங்கர் ஒரே இரவில் அமைத்துப் பதிவுசெய்து முடித்தார் என்று படித்தபோது, அந்த இரவில் எந்த மணிக்கு இந்தக் கூவல் பிறந்திருக்கும் என்று வெகுநேரம் எண்ணிப் பார்த்தேன்.

தமிழ்ப் படங்களிலும் சாவு வந்தால் ஷெனாய் வரும் என்பது நமக்கெல்லாம் பழகிய வழக்கம்தான். அங்கே அழுகையும் இருக்கும், வசனமும் இருக்கும், அவற்றின் மேல் ஷெனாயும் ஏறிக்கொள்ளும். மூன்றும் சேர்ந்து நம்மை அழச் சொல்லும். ரே செய்தது நேர்மாறானது. அழுகையை அடியோடு எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் வாத்தியத்தை வைத்தார். ஒரு நடிகையின் கதறலைக் கேட்டிருந்தால் அது சர்வஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் கதறலாக, ஒரு வங்காளத் தாயின் கதறலாக இருந்திருக்கும். நாமும் உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருப்போம். குரல் இல்லாததால்தான், பார்க்கிறவர் தமக்குள் அடக்கிவைத்த குரலை அந்தத் திறந்த வாய்க்குக் கொடுக்க முடிகிறது. என் அம்மா ஏழு ஆண்டுகளாக அடக்கியிருந்ததைத்தான் கொடுத்தார் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் பல முறை பார்த்த பிறகே கவனித்தேன். துர்கா இறந்த காலையில் சர்வஜயா கதறுவதை ரே காட்டவில்லை. வெறித்த பார்வையோடு அசையாமல் இருக்கிறாள், அடுத்த நாட்களில் மரத்துப்போனவளாக வளைய வருகிறாள், அவ்வளவுதான். சாவின்போது வராத அழுகை, ஒரு துணியைத் தொட்டதும் வருகிறது. துக்கம் இப்படித்தான் ஒரு பொருளுக்காகக் காத்திருக்கும் என்பதைச் சாவு வீடுகளை நேரில் பார்த்தவர்கள் அறிவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொருள் முன்னதாகவே வந்தது. ஆனாலும் அம்மா அதைப் பிரிக்கவில்லை.

லண்டனில் 1993ஆம் ஆண்டு நடந்த தீ விபத்தில் இந்தப் படத்தின் மூல நெகட்டிவ் கருகிப்போனது. மிஞ்சியவற்றைப் பாதுகாத்து வைத்திருந்து, இத்தாலியின் போலோஞ்ஞா நகரில் சுருள் சுருளாகச் செப்பனிட்டு, 2015இல் புதுப்பித்து வெளியிட்டார்கள். அந்தப் பிரதியை நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் இரைச்சலில் மூழ்கிப்போயிருந்த எத்தனையோ ஒலிகள் இப்போது தெளிவாகக் கேட்டன. குளத்தில் விழும் மணிமாலையின் ஓசைகூடக் கேட்டது. துர்கா திருடவில்லை என்று சாதித்த அந்த மாலை, அவள் இறந்த பிறகு தம்பியின் கையில் கிடைக்கிறது. யாரிடமும் காட்டாமல் அவன் அதைக் குளத்தில் எறிகிறான்; விலகிய பாசி மெல்ல மூடிக்கொள்கிறது. தம்பியாக இருந்தவன் என்பதால் எனக்கு இந்த இடம்தான் தாங்க முடியாதது. அக்கா ஒளித்துவைத்த புளியங்கொட்டைச் சோழிப் பையை நானும் யாருக்கும் சொல்லாமல் வாய்க்காலில் விட்டிருக்கிறேன்.

படத்துக்கு மூலமான விபூதிபூஷணின் நாவலை ஆர். ஷண்முகசுந்தரத்தின் தமிழாக்கத்தில் படித்தபோது, காய்ச்சலில் கிடக்கும் துர்கா தம்பியிடம் தனக்கு ஒரு நாள் ரயில் காட்டுவாயா என்று கேட்கும் வரியில் புத்தகத்தை மூடிவிட்டேன். மறுபடி எடுக்கப் பல மாதங்கள் ஆயின.

புதுப்பித்த பிரதியைப் பார்த்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு எழுபது கடந்திருந்தது. காது சற்று மந்தம். மடிக்கணினியைத் திறந்து வைத்து, "அன்னிக்கு ஞாயித்துக்கிழமை பாத்தோமே, அந்த வங்காளப் படம், இப்போ நல்லா சுத்தமா வந்திருக்கு, போடட்டுமாம்மா?" என்று கேட்டேன். அவருக்கு உடனே நினைவு வந்துவிட்டது. வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "அதான் அன்னிக்கே அழுதாச்சேப்பா."