பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும்

என் இடது கட்டைவிரல் நகத்தின் நடுவில் ஒரு கோடு ஓடுகிறது. நகம் வளர்கிறது, வெட்டுகிறேன், கோடு மட்டும் போவதில்லை. அடிவேரில் பட்ட அடி என்பதால் இனிமேலும் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பேட்டரியில் ஓடும் புல்வெட்டியால், அதாவது ட்ரிம்மரால், வந்த காயம் அது.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. ஈரம் காயட்டும் என்று காத்திருந்திருக்கலாம், காத்திருக்கவில்லை. முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த புல் ட்ரிம்மரின் நுனியில் சுழல்கிற தலையைச் சுற்றிக்கொண்டது. மோட்டார் முனகத் தொடங்கியதும் விசையை விட்டேன், நின்றது. மெஷினைத் தரையில் சாய்த்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புல்லை வெட்டுகிற நைலான் நரம்பு வெளியே வருகிற ஓட்டையை அடைத்துக்கொண்டு கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்த புல்லைப் பிய்க்க ஆரம்பித்தேன். இழுக்க இழுக்க மெஷினின் தண்டு ஆடியது. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, "இருப்பா, ஆடாம நான் பிடிச்சுக்கறேன்" என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் உள்ளங்கை மேலே இருக்கிற பாதுகாப்புப் பொத்தானை அழுத்தியது, விரல்கள் கீழே இருக்கிற விசையை அழுத்தின. மெஷினின் தலை சுழன்றது. என் கட்டைவிரல் தலைக்கும் தடுப்புத் தகட்டுக்கும் நடுவில் போய் வந்தது.

அவள் உடனே கையை எடுத்துவிட்டாள். அரை விநாடி கூட ஓடியிருக்காது. நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. அன்றைக்கு மாட்டியிருந்தது நைலான் நரம்பு. முந்தின வாரம் புதர் வெட்டுவதற்காக மாட்டியிருந்த மூன்று பல் பிளேடே இருந்திருந்தால் அந்த விரல் இருந்திருக்காது. எனக்கு உதவி செய்ய வந்த பிள்ளைக்கு அது ஆயுசுக்கும் ஆறாத காயமாகப் போயிருக்கும். தப்பு முழுக்க என்னுடையது. பேட்டரி உள்ளே இருந்தது.

அதற்கு முன்னால் பல வருடம் பெட்ரோல் மெஷின் வைத்திருந்தேன். அது நிற்கிறதா ஓடுகிறதா என்று யாருக்கும் சந்தேகமே வராது. ஓடும்போது உடம்பெல்லாம் அதிரும், ஊரே கேட்கும், புகை வரும். அணைந்தால் அணைந்ததுதான். திரும்ப உயிர் வர ஒருவர் எழுந்து நின்று கயிற்றை இழுக்க வேண்டும். அந்தப் பழக்கம் எனக்குள் ஊறிப்போயிருந்தது: சத்தம் இல்லை, அதனால் ஆபத்து இல்லை. பேட்டரி மெஷினுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். சத்தம் இல்லாமல் புல்லில் கிடக்கும்போதும் அது ஓடத் தயாராக இருக்கிறது. விசையை யார் அழுத்தினாலும், எதற்காக அழுத்தினாலும், அதே வேகத்தில் சுற்றும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வரிசைதான். விசையை விடு, தலை முழுக்க நிற்கிறவரை பார், பேட்டரியைக் கழற்று, அப்புறம் தொடு. நடுவில் 'நிற்கிறவரை பார்' என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விசையை விட்ட உடனே எல்லா மெஷினும் நின்றுவிடாது. நைலான் தலை ஓரிரு விநாடி சுற்றும், கனமான இரும்புப் பிளேடு அதைவிடக் கூடுதலாகச் சுற்றும். சிக்கிய புல்லை எடுக்கும்போது மட்டும் இல்லை, நரம்பு மாற்றும்போது, கைப்பிடியை ஏற்றி இறக்கும்போது, காரில் வைக்கும்போது, தண்ணீர் குடிக்கப் போகும்போது, இன்னொருவர் கையில் கொடுக்கும்போது, எல்லா நேரமும் பேட்டரி வெளியே. கழற்றிய பேட்டரியை என் கண்ணில் படுகிற மாதிரி எதிரே வைக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

விசையை டேப் ஒட்டியோ கம்பி கட்டியோ அழுத்தியபடியே வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், விரல் வலிக்கிறதாம். விரல் வலித்தால் நிறுத்திவிட்டு ஓய்வெடுங்கள். கால் தடுக்கி விழும்போது கை தானாக விரியும், அப்போது மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விசை அப்படி இருக்கிறது.

சரி, இப்போது நரம்பு. பிளேடு இல்லை, வெறும் பிளாஸ்டிக் நரம்புதானே என்ற அலட்சியம் நிறையப் பேருக்கு உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெட்டும் வட்டத்தின் அகலம் 30 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 6000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். வீட்டு ட்ரிம்மர்களில் இது சாதாரணம். வட்டத்தின் சுற்றளவு 94 சென்டிமீட்டர், விநாடிக்கு 100 சுற்று. அப்படியானால் நரம்பின் நுனி விநாடிக்கு 94 மீட்டர் போகிறது, மணிக்கு ஏறக்குறைய 340 கிலோமீட்டர். அந்த நுனியில் ஒரு கூழாங்கல் பட்டால் என்ன ஆகும்?

எனக்குத் தெரியும். புளியங்கொட்டை அளவு கல், பத்தடி தள்ளி நின்ற என் காரின் பின்பக்கக் கதவுக் கண்ணாடி. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது கண்ணாடி முழுசாக, வெள்ளையாகப் பூத்து நின்றது. ஒரு கணம் கழித்து மொத்தமும் கல் உப்பு மாதிரி சீட்டில் கொட்டியது. கண்ணாடிக்கே அந்தக் கதி என்றால் கண்ணுக்கு?

மெஷினோடு வருகிற கையேடுகள் பெரும்பாலும் சொல்கிற தூரம் சுற்றிலும் 15 மீட்டர். எனக்கு அது இருபது பெரிய எட்டு. ஆரம்பிக்கும் முன் நான் அதை நடந்தே பார்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் கண் அளவில் எல்லாருமே எட்டு மீட்டரைப் பதினைந்து என்று நினைக்கிறோம். அந்த வட்டத்துக்குள் பிள்ளைகள், நாய், கார், ஜன்னல் எதுவும் கூடாது. நடந்துகொண்டே கல், பாட்டில் துண்டு, கம்பி, அறுந்த கயிறு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுகிறேன். புல்லுக்குள் தவளையோ ஓணானோ பதுங்கியிருந்தாலும் அந்த நடையில் விலகிப் போகும். வீட்டில் இருக்கிறவர்களிடம் இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறேன்: மெஷின் ஓடும்போது பின்னால் வந்து தோளைத் தொடாதீர்கள். திடுக்கிட்டுத் திரும்பினால் கையில் இருக்கிற ஒன்றரை மீட்டர் தண்டும் கூடவே திரும்பும். தூரத்தில் முன்பக்கமாக வந்து நின்று கையை ஆட்டுங்கள்.

கண்ணுக்கு, படிக்கிற கண்ணாடி போதவே போதாது. பக்கவாட்டு திறந்து கிடக்கும், அடி பட்டால் அதுவே உடையும். பாலிகார்பனேட்டில் செய்த, பக்கவாட்டை மூடுகிற கண்ணாடி வேண்டும். அதன் காதுப் பகுதியில் EN 166 என்றோ Z87 என்றோ பொறித்திருந்தால் கண் பாதுகாப்புத் தரத்துக்குச் சோதித்த கண்ணாடி என்று அர்த்தம். வலை போட்ட முகமூடி நல்லதுதான், குச்சியைத் தடுக்கும். ஆனால் மண் தூளும் செடியின் சாறும் வலை வழியாகத் தாராளமாக உள்ளே வரும். பால் வடிகிற செடிகளை வெட்டும்போது அந்தப் பால் தெறித்துக் கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். அதனால் வலைக்கு உள்ளேயும் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். வியர்வையில் மங்கும், எரிச்சலாக இருக்கும், துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த நரம்பு யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபோது எனக்கு அதன் மேல் தனி மரியாதை வந்தது. 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுழல்கிற தூரிகைகளைப் பார்த்திருக்கிறார். இழைகள் வேகமாகச் சுற்றும்போது விறைத்து அழுக்கை எடுக்கின்றன, காரில் பட்ட இடத்தில் வளைந்துகொடுக்கின்றன. வீட்டுக்கு வந்து ஒரு பாப்கார்ன் டின்னில் ஓட்டை போட்டு மீன்பிடி நரம்பைக் கோத்து, சுற்றுகிற மோட்டாரில் மாட்டிப் பார்த்தார். புல் அறுந்தது. அந்த நரம்பின் பாதுகாப்பே அதன் பலவீனத்தில்தான் இருக்கிறது: கெட்டியான எதிலாவது பட்டால் அது வளையும், இல்லாவிட்டால் தேய்ந்து அறுந்துபோகும்.

அதனால்தான், நரம்பு அடிக்கடி அறுகிறது என்று அதற்குப் பதிலாக இரும்புக் கம்பியைக் கோக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நெருங்கிய நண்பர் ஒருவர் சைக்கிள் பிரேக் கம்பியை மாட்டிக்கொண்டு, "இப்ப பாருங்க, முள்ளுச்செடியெல்லாம் சும்மா பறக்குது" என்று காட்டினார். முள்ளுச்செடி மட்டுமா பறக்கும்? கம்பி அறுந்தால் ஒரு ஊசி அதே வேகத்தில் கிளம்பும், எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. சங்கிலிக் கண்ணிகளைக் கோத்த வெட்டுத் தலைகளும் இப்படித்தான். கண்ணி அறுந்து பறந்து உயிரே போன பிறகு, 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகைத் தலைகளின் விற்பனைக்கே தடை போட்டது. நண்பரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். அங்கேயே கழற்றினார்.

நரம்பு மெஷினுக்குச் சொன்ன தடிமனில் இருக்க வேண்டும். பேட்டரி ட்ரிம்மர்களில் பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டரிலிருந்து 2.4 வரைதான். கூடுதல் தடிமன் போட்டால் மோட்டார் சூடேறும். பழைய நரம்பு மொறுமொறுவென்று அறுந்துகொண்டே இருந்தால், ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சுகிற பொருள், காய்ந்தால் நொறுங்கும், ஊறினால் மறுபடி வளைந்துகொடுக்கும்.

பிளேடு மாட்டுவது வேறு சங்கதி. முதலில், உங்கள் மெஷின் பிளேடுக்கு அனுமதி கொடுத்த மெஷினா என்று பார்க்க வேண்டும். வெறும் ட்ரிம்மரில் எப்படியோ பிளேடைப் பொருத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிளேடுக்குத் தனித் தடுப்பு, தோளில் மாட்டுகிற பெல்ட், உங்கள் கால் பிளேடை நெருங்காமல் தடுக்கிற குறுக்குக் கம்பியோ அகலமான கைப்பிடியோ, இவ்வளவும் சேர்ந்துதான் புதர் வெட்டுகிற மெஷினான பிரஷ் கட்டர்.

பிளேடை நேர்மேலே இருந்து பார்ப்பதாகவும் அது ஒரு கடிகாரம் என்றும் நினைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம் 12 மணி. நேரான தண்டு உள்ள மெஷின்களில் பிளேடு பெரும்பாலும் இடஞ்சுழியாகச் சுற்றும். 12-க்கும் 3-க்கும் நடுவில் உள்ள பகுதி கெட்டியான செடித்தண்டிலோ கல்லிலோ பட்டால் பல் கடித்து நிற்கும், மோட்டாரின் மொத்த வேகமும் மெஷினின் தண்டின் மேல் திரும்பும். எனக்கு இது புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு இரும்பு முளையில் நடந்தது. தண்டு வலப்பக்கம் எகிறி என்னையே அரைச்சுற்று திருப்பியது. பெல்ட் இருந்ததால் மெஷின் கையை விட்டுப் போகவில்லை, பக்கத்தில் யாரும் இல்லாததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. குச்சியை வெட்டுவதென்றால் இடப்பக்கம், 9 மணிக்கும் 11 மணிக்கும் நடுவில் கொடுங்கள். புல்லென்றால் வலமிருந்து இடமாக வீச்சு, திரும்பி வரும்போது வெட்டாமல் வாருங்கள். வளைந்த தண்டு ட்ரிம்மர்கள் சிலவற்றில் சுழற்சி எதிர்ப்பக்கம் இருக்கும், தடுப்பின் மேல் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடஞ்சுழியாகச் சுற்றுகிற பிளேடைப் பிடித்திருக்கிற நட்டுக்கு மரை தலைகீழ். கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் முதல் தடவை நான் கழற்றுவதாக நினைத்து முழுப் பலத்தோடு இறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நட்டுக்குள் பிளாஸ்டிக் வளையம் இருந்தால், விரலாலேயே சுலபமாகத் திருக முடிகிற அளவு அது தேய்ந்ததும் நட்டை மாற்றிவிடுங்கள். சின்னப் பொருள், ஆனால் பிளேடு கழன்று போகாமல் பிடித்திருப்பது அதுதான். பிளேடில் விரிசல் தெரிந்தால் தட்டி நிமிர்த்துவது, பற்றவைப்பது எதுவும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

செருப்போடு வெட்டாதீர்கள். சரிவில் மேலும் கீழுமாக இல்லாமல் குறுக்காக நடந்து வெட்டுங்கள். உயரமான புல்லை ஒரே வெட்டில் அடியோடு எடுக்காமல் மேலிருந்து இரண்டு மூன்று தடவையாக இறக்கினால், புல் மெஷினின் தலையைச் சுற்றிக்கொள்ளாது. அன்றைக்கு நான் இதைச் செய்திருந்தால் என் நகம் முழுசாக இருந்திருக்கும்.

பேட்டரியை வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் போடாமல், ஆறவிட்டுப் போடுகிறேன். கீழே விழுந்து ஓடு விரிந்தது, உப்பியது, தண்ணீர் புகுந்தது எதையும் சார்ஜ் செய்யக்கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் வீட்டுக்குள் அணைப்பது லேசான காரியம் இல்லை. பல வாரம் வேலை இல்லையென்றால் பாதி சார்ஜில் வைக்கிறேன், ஆணியும் சாவியும் கிடக்கிற டப்பாவில் போடுவதில்லை.

மகளுக்கு இப்போது பதினொன்று. "எனக்கு எப்பப்பா குடுப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இன்னும் பல வருடம் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். தலையைக் கழற்றி நரம்பைச் சுற்றுவது இப்போது அவள் வேலை. உட்காருவதற்கு முன்னால் பேட்டரி இருக்கும் குழியில் விரலை விட்டுக் காலியாக இருக்கிறதா என்று அவளே பார்த்துக்கொள்கிறாள். வேலை முடிந்ததும் மெஷின் வெளியே கொட்டகைச் சுவரில் தொங்குகிறது, பேட்டரி வீட்டுக்குள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதே இல்லை.